டீ வளர்ற மண்ணுல கமேலியா வளராதா என்ன

ஊட்டி, குன்னூர் பக்கம் தோட்டம் வச்சிருக்கவங்க நிறைய பேரு ரோஜாவுக்கு படுற பாட்டை பாத்தா எனக்கு ஆதங்கமா இருக்கும், மழை மாசம் பூரா இலையில கரும்புள்ளி, மருந்து அடிச்சிட்டே இருக்கணும். கமேலியான்னு ஒரு பூச்செடி இருக்கு, அதை வைங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. அது தேயிலையோட சொந்தக்காரச் செடி, ரெண்டும் ஒரே பேரினம், அதனால நம்ம புளிப்பு மண்ணு, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணு, அதுக்கு அப்படியே ஒத்துக்கும், வருஷம் பூரா இலை பளபளன்னு பச்சையா நிக்கும், பூவும் நல்ல குளிர்லயே வரும்.

இடம் மட்டும் பாத்து வைக்கணும். டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுந்த அன்னிக்கு காலை வெயில் நேரா அடிச்சா மொட்டு கருகிடும், மெதுவா உருகுனா தப்பிச்சிக்கும், அதனால கிழக்கு பாத்த இடம் வேண்டாம், மர நிழல் கொஞ்சம் விழுற இடமா பாருங்க. அடுப்பு சாம்பல், சுண்ணாம்பு ரெண்டையும் கிட்டவே கொண்டு போகாதீங்க, புளிப்பு குறைஞ்சா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரியும். வேர் மேலாகவே ஓடும், கொத்தி விடாதீங்க, காஞ்ச இலைய பரப்பி விட்டா போதும். கவாத்து பூ முடிஞ்ச கையோட பண்ணிடணும், லேட்டானா அடுத்த சீசன் மொட்டையும் சேத்து வெட்டிடுவோம்.

அசேலியான்னு இன்னொரு பூச்செடி இருக்கு, அதுக்கும் இதே பராமரிப்புதான்.

அப்புறம் நம்ம மலையோட சொந்தச் செடி, சோலை ஓரத்துல செவப்பா பூக்குற காட்டுப்பூவரசு, அதான் ரோடோடென்ட்ரான், அதையும் வீட்டுக்கு வீடு வளக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. காட்டுல தோண்டி மட்டும் எடுத்துட்டு வராதீங்க ப்ளீஸ், நர்சரியில கன்னு கேளுங்க, வளர லேட்டாகும் ஆனா பனி, காத்து எல்லாத்தையும் தாங்கும்.