குருநாதசாமி வனத்துக்குப் போகும் புதன்கிழமை

"கூட்டம் ஏறறதுக்குள்ள சாமியப் பாத்துறோணும் கண்ணு" என்று அம்மாவைப் பெற்ற அப்புச்சி நாலு மணிக்கே எழுப்பிவிட்டார். ஆடி மாதத்துப் புதன்கிழமை. பவானியிலிருந்து அந்தியூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேருக்குத்தான் வருகிறார்கள்.

இங்கே சாமி ஊரைச் சுற்றி வருவதில்லை, வனத்துக்குப் போகிறார். பெருமாளும் குருநாதசாமியும் உயரமான மகமேரு தேர்களில், காமாட்சியம்மன் பல்லக்கில். மடப்பள்ளியிலிருந்து வனக்கோயில் வரைக்கும் ஜனங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மகமேரு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும்போதெல்லாம் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்த நேரத்தில் வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

அப்புறம் சந்தை. அந்தியூர் என்றாலே குதிரைச் சந்தை என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் தேரையும் சந்தையையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. தேர் பார்க்க வந்த கூட்டத்துக்குள்ளேதான் நாலு நாளும் சந்தை நடக்கிறது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று இந்தப் பக்கம் காலங்காலமாகச் சொல்வார்கள். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறிக் கொள்ளேகால் வழியாக மைசூர்ச் சீமைக்குப் போகிற பாதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

காதுகளின் நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரிக் குதிரைகள், பால் நிறத்து நொக்ரா, கத்தியவாரி. மேளச் சத்தத்துக்கு ஒரு குதிரை கட்டில் மேல் ஏறிக் கால் மாற்றி மாற்றி ஆடியது. பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ராட்டினம், பொரி கடலை, மாட்டுச் சலங்கைக் கடைகளும் வழக்கம்போல் இருந்தன.

அப்புச்சியின் கண் மாடுகள் மேல்தான். காங்கேயம் காளைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பர்கூர் மாடுகள் கட்டியிருந்த பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். செம்மண் நிறத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பக்கத்து மலையில் பட்டி பட்டியாக மேய்கிற மாடுகள் இவை. கூட்டத்தைக் கண்டாலே மிரளும். அப்புச்சி ஒரு கிடாரியின் சுழி பார்த்தார், வாயைத் திறந்து பல் பார்த்தார். வியாபாரி தோள் துண்டை எடுத்து நீட்ட, இருவர் கைகளும் துண்டுக்குள் போயின. விரல் பிடித்தே விலை பேசுவதால் பக்கத்தில் நின்ற எனக்குக்கூடத் தொகை தெரியாது. அப்புச்சி தலையாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வாங்கலீங்களா அப்புச்சி?"

"இந்த வயசுல யாரு மேய்க்கறது? கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்."

திரும்பும்போது வனக்கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்தார். நான் நெற்றியைக் காட்டினேன். அவர் அந்தக் கிடாரியிடம் போய் அதன் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டு வந்தார். வியாபாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் குனிந்து நெற்றியை நீட்டினார்.