லைப்சிக் வரைக்கும் போயி புரிஞ்ச ரெக்கார்ட் நோட்டு

சைக்காலஜி படிச்ச யாரை வேணா கேட்டுப் பாருங்க, தியரி பூரா மறந்திருக்கும், ரெக்கார்ட் நோட்டு மட்டும் மறந்திருக்காது. எய்ம், மெட்டீரியல்ஸ், ப்ரொசீஜர், டேபிள், எல்லாம் முடிஞ்சு கடைசியில "இன்ட்ராஸ்பெக்டிவ் ரிப்போர்ட்"னு ஒரு தலைப்பு வரும். சப்ஜெக்ட்டா உட்கார்ந்தவங்க மனசுல அந்த நேரத்துல என்ன ஓடுச்சுன்னு கேட்டு எழுதணும். எனக்கு பதினாலு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் சப்ஜெக்ட் ஹாஸ்டல் ரூம்மேட்தான், அவ பாதி நாள் தூங்கிட்டு இருப்பா, எழுப்பினா திட்டுவா, அதனால ரீடிங்கையே நான்தான் உத்தேசமா போட்டுக்குவேன், அப்புறம் ரிப்போர்ட்டுக்கு எங்க போறது? "சப்ஜெக்ட்டுக்கு முதல்ல பதட்டமா இருந்துச்சு, போகப்போக ஆர்வமா இருந்துச்சு." பதினாலு தடவையும் இதே வரிதான். அதுக்கும் சிவப்பு மையில டிக் விழுந்துச்சு.

அந்த வரி என்னைத் துரத்திக்கிட்டு ஜெர்மனி வரைக்கும் வரும்னு அப்போ தெரியாது.

எம்எஸ்சி ரெண்டாம் வருஷம் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல லைப்சிக் போனேன். விசா, அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ் கதையெல்லாம் யூட்யூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க, விட்டுடலாம். மாசத்துக்கு 992 யூரோ கணக்கு போட்டு பிளாக்ட் அக்கவுன்ட்ல, அதாவது மாசாமாசம் அளவாத்தான் எடுக்க முடியற கணக்குல, காட்டணும்னதும் அப்பா சத்தமே இல்லாம எஃப்டியை உடைச்சாரு, அதை மட்டும் சொல்லிக்கிறேன். நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் படிச்சுட்டுதான் போனேன். போயி பார்த்தா அந்த சமஸ்கிருத அறிஞர் மேக்ஸ் முல்லரே டாக்டரேட் வாங்கினது லைப்சிக்லதானாம், 1843-ல. 

ஏன் லைப்சிக்னா, ஃபர்ஸ்ட் இயர் முதல் யூனிட், முதல் ரெண்டு மார்க் கேள்வி. உலகத்தோட முதல் சைக்காலஜி லேப், வில்ஹெல்ம் வுண்ட், 1879, லைப்சிக். பாட்டுக்காரங்க திருவையாறு போற மாதிரி நான் போறேன்னு வீட்ல பெருமையா சொல்லிட்டு வந்தேன். வந்து இறங்கின முதல் வாரமே "லேப் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். இல்லையாம். 1943 டிசம்பர் 4 விடியக்காலையில போட்ட குண்டுல இன்ஸ்டிட்யூட்டே போயிடுச்சாம். சரி அவரோட புத்தகமாவது பார்க்கலாம்னா, அவர் செத்ததும் லைப்ரரியில பெரும்பகுதியை ஜப்பான்காரங்க வாங்கிட்டாங்க, இப்ப செண்டாய்ல தோஹோக்கு யுனிவர்சிட்டில இருக்கு. மிச்சம் இருக்கறது சமாதிதான். 15-ம் நம்பர் ட்ராம் புடிச்சு, 91 மீட்டர் உசரத்துக்கு கருங்கல்லா நிக்கிற அந்த போர் நினைவுச்சின்னத்துகிட்ட இறங்கி, பின்னாடி இருக்கற தெற்கு கல்லறைத் தோட்டத்துல தேடு தேடுன்னு தேடி கண்டுபிடிச்சேன். நவம்பர் மாசம், மூணரை மணிக்கே இருட்ட ஆரம்பிச்சுடுச்சு. பூ வாங்கிட்டு வரலையேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு, பையில இருந்த ஒரு ஆரஞ்சை வெச்சுட்டு வந்தேன். யாராவது பார்த்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்களோ.

கிளாஸ் விஷயம் பழக கொஞ்ச நாள் ஆச்சு. பத்து மணி கிளாஸ்னா பத்தேகாலுக்குதான் ஆரம்பிக்கும், அது லேட் இல்ல, அதுதான் முறை. முடிஞ்சா கை தட்ட மாட்டாங்க, டெஸ்க்கை விரல் முட்டியால தட்டுவாங்க, முதல் நாள் நான் மட்டும் கை தட்டி மாட்டிக்கிட்டேன். மார்க் தலைகீழ், 1 தான் டாப், 4-க்கு மேல போனா ஃபெயில். 1.7 வந்துச்சுன்னு சந்தோஷமா போன் பண்ணா அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "பரவால்லடி, உடம்பைப் பார்த்துக்கோ"ன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சைக்காலஜி வரலாறு செமினார் ஒண்ணு எடுத்திருந்தேன், பதினஞ்சு பேர்தான். அன்னைக்கு வுண்ட். செமினார் எடுத்த டீச்சரம்மா சொல்லச் சொல்ல எனக்கு முகம் சூடாச்சு. ஏன்னா நான் நினைச்ச மாதிரி "மனசுல என்ன தோணுச்சு சொல்லு"ன்னு வுண்ட் யாரையும் கேட்கல. உட்கார்ந்த இடத்துல தன்னைத்தானே அலசுறதை அவர் சுத்தமா நம்பல. ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், அதை அளந்து குடுக்கணும், அதே மாதிரி திரும்பத் திரும்ப குடுக்கணும், பழகினவங்க அந்த நிமிஷமே சின்னதா ஒரு பதில் சொல்லணும், அவ்ளோதான். கேள்வி கேட்டு நீளமா பேச வெக்கிற ஆராய்ச்சி பண்ணவங்களை 1907-ல கிழிகிழின்னு கிழிச்சு கட்டுரையே எழுதியிருக்காரு. இன்னொண்ணு, அந்த லேப்ல சப்ஜெக்ட்ங்கிறவங்க இளிச்சவாயங்க இல்ல. இன்னைக்கு நான் உட்காருவேன் நீ அள, நாளைக்கு நீ உட்காரு நான் அளக்கறேன். பெரியவரே உட்கார்ந்திருக்காரு. அங்க உட்கார்ந்து பதில் சொல்றவங்கதான் முக்கியமான ஆளு. என் ரூம்மேட் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு.

கடைசியில அவங்க "உட்கார்ந்தவங்க சொல்றதையெல்லாம் இன்னைக்கு எந்த லேப்லயும் யாரும் எழுதறதில்ல"ன்னு முடிச்சாங்க. நான் யோசிக்காம கையைத் தூக்கிட்டேன். "நாங்க எழுதறோம்."

பதினஞ்சு தலையும் திரும்புச்சு.

தட்டுத்தடுமாறி ஜெர்மன்ல விளக்கினேன். எப்படி அங்க போச்சுன்னு அவங்க கேட்க, எனக்குத் தெரிஞ்சதை சொன்னேன். கல்கத்தாவுல 1916-ல டிபார்ட்மென்ட் ஆரம்பிச்ச சென்குப்தா ஹார்வர்ட்ல மன்ஸ்டர்பெர்க்கிட்ட படிச்சவரு, மன்ஸ்டர்பெர்க் வுண்ட்டோட மாணவர். மைசூர்ல 1924-ல ஆரம்பிச்ச கோபாலசுவாமி லண்டன்ல ஸ்பியர்மேன்கிட்ட படிச்சவரு, ஸ்பியர்மேனும் லைப்சிக்லதான் டாக்டரேட். ஆக எந்தப் பக்கம் சுத்தினாலும் இங்கதான் வந்து நிக்குது. அந்தத் தலைப்பு இந்த வழியாத்தான் எங்க நோட்டுக்கு வந்துச்சான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இங்க குண்டு போட்டு போனது அங்க பிரவுன் ஷீட் அட்டைக்குள்ள பத்திரமா இருக்கேன்னு தோணுச்சு. அடுத்த வாரம் ஒரு பக்கம் காட்ட முடியுமான்னு கேட்டாங்க. அய்யோ.

அம்மா பரண்ல இருந்து நோட்டை எடுத்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிட்டாங்க, ஒண்ணு கேட்டா பதினாலும் அனுப்பறது அம்மாங்க வழக்கம். நான் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காட்டினேன், முல்லர்-லையர் இல்யூஷன், ஒரே நீளக் கோடு ரெண்டுல நுனி அம்புக்குறியால ஒண்ணு மட்டும் நீளமா தெரியுமே, அந்த அம்புக்குறி பலகை. பக்கத்து சீட் பொண்ணு அதைப் பார்த்துட்டு "உங்க ஊர்ல இந்தக் கோடு சமமா தெரியுமா?"ன்னு கேட்டா. அந்த வாரம்தான் இன்னொரு கிளாஸ்ல, கலஹாரி பக்கம் இருக்கற சான் மக்களுக்கு இந்த ஏமாத்து வேலை அவ்வளவா எடுபடலன்னு 1966-ல வந்த ஆராய்ச்சி பத்திப் படிச்சிருந்தோம். நான் குரோம்பேட்டை, மூணாவது மாடி ஃப்ளாட்டு, எனக்கும் உன்னை மாதிரியே ஒண்ணு நீளமாத்தான் தெரியும்னேன். கொஞ்சம் ஏமாந்துட்டா.

டீச்சர் அந்த ரிப்போர்ட் வரியை எங்கிட்ட மொழிபெயர்க்கச் சொல்லி ரொம்ப மரியாதையா குறிச்சு வேற வெச்சுக்கிட்டாங்க. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப வரைக்கும் சொல்லல.

பிப்ரவரி கடைசியில ஒரு இஇஜி, அதாவது மூளை அலையை அளக்கற எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ஆள் தேடினாங்க, காசும் குடுப்பாங்க, போனேன். தலையில எண்ணெய் வெக்காம வரணும்னு மெயில்ல போட்டிருந்தாங்க, முந்தின நாள் ராத்திரிதான் தேங்காய் எண்ணெய் தப்பித் தப்பி வெச்சிருந்தேன், காலையில மூணு தடவை ஷாம்பு போட்டேன். தொப்பி மாட்டி, மொட்டை ஊசியில ஜெல்லை ஒவ்வொரு ஓட்டையா அடைச்சு முடிக்கவே முக்கால் மணி நேரம். ஜில்லுனு இருந்துச்சு. அப்புறம் பீப், பீப், பீப், நடுவுல எப்பவாவது ஒரு பூப். பூப் வந்தா பட்டன். எல்லாம் முடிஞ்சு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, கடைசியில ரெண்டு வரி இடம் விட்டு ஒரு கட்டம்: ஏதாவது கவனிச்சீங்களா? எனக்கு முன்னாடி போனவங்க பேப்பர் மேல இருந்துச்சு, "இல்லை"ன்னு எழுதியிருந்தாங்க.

நான் பேப்பரைத் திருப்பி பின்பக்கமும் எழுதினேன். பூப் வர்றதுக்கு முன்னாடியே விரல் ஒரு தடவை தானா அசைஞ்சு நின்னது, நடுவுல பீப் சத்தம் எங்க தெரு பால்காரர் ஹாரன் மாதிரி கேட்க ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் நாலஞ்சு பூப்பை விட்டது, எண்ணெய் வாசனை ஜெல்லோட கலந்து வந்தப்போ அம்மா ஞாபகம் வந்தது, எல்லாத்தையும்.

அந்தப் பையன் வாங்கிப் பார்த்துட்டு, "இவ்வளவும் எழுதணும்னு இல்லையே"ன்னான். தலை பூரா ஜெல், கையில டவல். "பதினாலு பாக்கி இருக்கு"ன்னேன். அவனுக்குப் புரியல, ஹேர் ட்ரையர் எங்க இருக்குன்னு கையைக் காட்டினான்.