கோபப்படாத லோன்காரன்

ஒன்லைனில் உளவளத்துணை மிஸ் ஒருவரோடு கதைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இதெல்லாம் வேண்டாத வேலை என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. காசு கொடுத்துக் கதைக்க வசதியில்லாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். என்னைப்போல நுண்கடன் கொம்பனிகளுக்குத் தவணைக் காசு அறவிடும் கலெக்சன் வேலையில் இருக்கும் பொடியன்கள் எத்தனை பேர் இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வாங்கில் என் பக்கத்தில் வந்து குந்துவது என்னிடம் லோன் எடுத்த ஒரு அக்காவாக இருந்தால்? மட்டக்களப்பு சின்ன ஊர். கொழும்பில் இருக்கும் ஒருவரோடு போனில் கதைப்பது அதனால்தான் தோதாகப் பட்டது. வீட்டில் அம்மாவின் காதுக்கு எட்டும் என்பதால், கல்லடிக் கடற்கரையில் பைக்கை நிறுத்தி இயர்போனை மாட்டிக்கொள்வேன். சிக்னல் இழுத்தால் கமராவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் தொடர்வோம். முகம் தெரியாதபோதுதான் எனக்குக் கதை கூடுதலாக வந்தது.

மிஸ் சொல்லித்தந்தது பெரிய வித்தை இல்லை. மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளவேண்டும், வெளிமூச்சில்தான் இதயத் துடிப்பு மெதுவாகும். பதற்றம் வந்தால் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன ஆதாரம் என்று தாளில் எழுத வேண்டும். குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறினால் வாவியைக் கடந்து மண்டூர்க் கரை சேரும்வரை நான் மூச்சுப் பயிற்சிதான் செய்வேன்.

பிறகு, கடன் கட்ட முடியாதவர்களைப் பற்றி மிஸ் கேட்ட அந்தக் கேள்வி.

"அவங்களிட்டக் காசு இல்லாமப் போனது உங்கட கையிலயா இருந்தது?"

"இல்ல மிஸ்."

"அப்ப உங்கட கையில என்ன இருக்கு?"

"நான் கதைக்கிற விதம்."

"அத மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்க."

பிடித்துக்கொண்டேன். அதைத்தான் மண்டூர்ப் பக்கத்துச் சென்ரருக்கும், கடன் எடுத்த பெண்கள் கூடித் தவணை கட்டும் இடத்துக்கும், கொண்டுபோனேன்.

குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கணக்கு முடியும்வரை எங்கள் கூட்டம் கலையாது. அன்றைக்குக் கட்ட வழியில்லாமல் வந்திருந்த அக்கா பாஸ்புத்தகத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றி, றப்பர் போட்டு மடியில் வைத்திருந்தார். அதைத் திறக்கவேயில்லை. றப்பரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முன்பென்றால் எனக்குச் சத்தம் வந்திருக்கும். மனேஜர் கோல் எடுத்துக்கொண்டே இருப்பார், அந்தச் சூட்டை இவர்கள் மேல் இறக்கிவிடுவேன். அவர்களும் விடமாட்டார்கள். "உன்ட அம்மாவுக்கும் இப்பிடித்தான் செய்வியா மனே?" என்று ஒரு குரல் வரும். அதற்குமேல் இருக்க முடியாமல் கிடைத்த காசோடு எழும்பிவிடுவேன்.

அன்றைக்கு மூச்சை நீளமாக விட்டேன். "பரவாயில்ல அக்கா, ஆறுதலா யோசிங்க, நான் இருக்கன்" என்றேன். இருந்தேன். விறாந்தைக்குள் வெயில் ஏறியது. கடைசியில், குழுவிலேயே இளைய பிள்ளை காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு அடகு வைக்கப் போனாள். காசு முழுதாக வந்தது.

காசை எண்ணிக்கொண்டிருக்கும்போது தலைவி அக்கா சொன்னார்: "தம்பி, முந்தி மாதிரி நீங்க ஏசினா நாங்களும் ரெண்டு வார்த்த திருப்பிச் சொல்லுவம். இப்பிடிக் குந்தியிருந்தா நாங்க என்னத்தச் சொல்ற?"

அவர் என்னைக் குறை சொன்னாரா, மெச்சினாரா என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நான் யாரையும் அவமதிக்கவில்லை. ஏசுவதைவிட ஏசாமல் இருப்பது நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கிக்குப் போனால் பிணைக்கு அரசாங்க உத்தியோகத்தரைக் கேட்பார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு யார் கையெழுத்து வைப்பது? நாங்கள் இல்லாவிட்டால் வட்டிக்காரர்தான். இதையும் நான் மனதார நம்புகிறேன். ஆனால் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்ததே. கடன் கழுத்தை நெரிக்கவில்லை என்றால் அது எதற்கு? என் கோபம் அந்தப் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்ததா? சுமை என்னிடமிருந்து குறைந்ததா, அந்தப் பிள்ளையின் காதுக்கு மாறியதா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையால் மனிதர் வற்றிப்போவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அதை நோய் என்று சொல்லாமல், தொழிலோடு வரும் நிலை என்கிறது. களைப்பு ஓர் அடையாளம், வேலையிலிருந்து மனம் விலகிப்போவது இன்னோர் அடையாளம். இதை எனக்கு விளக்கியதே மிஸ்தான். அதனால் அவரிடமே கேட்டேன்: "மிஸ், நான் சுகமாகினதா, விலகிப்போனதா?"

உடனே பதில் வரவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். "விலகிப்போனவர் இதக் கேக்கமாட்டார்" என்றார் மெல்ல. அன்றைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கேட்டுவிட்டு அடுத்த கிழமையும் அதே சென்ரருக்குப் போய் அதே குரலில் கதைத்தவனும் நான்தான். வேலையை விடு என்றோ இரு என்றோ மிஸ் சொல்லமாட்டார். அது சரிதான். ஆனால் என் பதற்றத்தில் பாதி என் மூச்சில் இல்லை, அந்தக் கூட்டத்தின் விதியில் இருக்கிறது. அதற்கு எந்தத் தாளில் ஆதாரம் எழுதுவது?

கணக்கு முடியும்வரை எல்லோரையும் இருத்திவைக்கும் வழக்கத்தை விடலாமா என்று மனேஜரிடம் கேட்டேன். அவர் கணினியைத் திருப்பி என் கலெக்சனைக் காட்டினார். "உமக்கு இப்ப நல்லா ஓடுதுதானே, பிறகென்ன?" எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார், சொன்னேன். மற்றப் பொடியன்களுக்கும் மிஸ்ஸின் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். அவர்களில் ஒருவன் மாத்திரை போட்டுத்தான் படுக்கிறான், கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. விதியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. மாத மீட்டிங்கில் எல்லோருக்கும் முன்னால் திரும்பக் கேட்க இருக்கிறேன். ஆறுதலாகக் கேட்பதா, சத்தம் போட்டுக் கேட்பதா என்றுதான் இன்னும் தெரியவில்லை.