குன்னூரில் வாடகைக்கு வீடு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சீசனில் ஒரு வாரக் கடைசியில் சுற்றுலாப் பயணிகள் தருகிற பணத்தைக் குடியிருப்பவர் மாதம் முழுக்கத் தந்தாலும் எட்ட முடியாது. வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கொஞ்சம் தேயிலை நிலம் இருந்தாலும், பறித்து விற்கிற பச்சை இலையின் விலையை நம்பி யார் பிள்ளையைப் படிக்க வைப்பது?

புதிதாகக் கட்டவும் இடம் குறைவு. பாதி காடு, மீதி சரிவு. 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின! அதனால் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் கட்டக்கூடிய கொஞ்ச நிலமும் வெளியூர்ப் பணக்காரர்களின் பங்களாவாகி, வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்தவர். இப்போது ஓய்வு, தொழிலாளர்களுக்காகத் தோட்ட நிர்வாகம் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சட்டப்படி நிர்வாகம் வீடு தர வேண்டும்தான். ஆனால் அது வேலையில் இருக்கிறவரைக்கும். இத்தனை காலம் உழைத்தும் அவர் பெயரில் ஒரு செங்கல் சேரவில்லை. கையில் வருகிற பணிக்கொடை அட்வான்ஸுக்கும் வாடகைக்கும் கரையும். அதே காலத்தில் ஐந்து சென்ட் நிலம் இருந்தவர், எதுவும் செய்யாமலே பல மடங்கு வசதியாகிவிட்டார். இந்த இடைவெளியைக் கூலி உயர்வு மட்டும் நிரப்பாது.

ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, உழைத்த ஊரிலேயே பட்டாவோடு வீடு வேண்டும். அடுத்து ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நீங்களும் கேளுங்கள்.