காலி வண்டிக்கும் சேர்த்துத்தான் ஸ்பிரிங்

பிக்கப்புக்குப் பின் ஸ்பிரிங் மாற்றப் போகிறவர்கள், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு சாப்பிடக்கூடப் போய்விடாதீர்கள். நான் பட்டது போதும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. வண்டி பாதி நாள் காலியாக, இல்லையென்றால் நாலு மூட்டை உரத்தோடு ஓடும். காய் வெட்டினால் மட்டும் ஆர்.சி.யில் உள்ள எடை முழுக்க ஏறும். அப்போது பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்சில் மேலே போய் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிக்கும். கழற்றியதில் இடது பக்கம், ஸ்பிரிங் கட்டாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் மூன்றாவது பிளேட் முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் பாதி கறுத்த துரு, பாதி பளபளப்பு. விரிசல் விட்டு ரொம்ப நாளாகி, மிச்சம் இப்போதுதான் போயிருக்கிறது.

மேஸ்திரியிடம் தெளிவாகச் சொன்னேன்: முறிந்த பிளேட்டை மாற்றுங்கள், மேலே ஹெல்பர், அதாவது துணை ஸ்பிரிங், போடுங்கள். சாயந்திரம் போனால், கட்டுக்குள் பக்கத்துக்கு இரண்டு முழு பிளேட் சேர்த்து முடுக்கியாகிவிட்டது. கேட்டதற்கு, "ஹெல்பர் என்ன, பிளேட்டு என்ன, எல்லாம் இரும்புதானுங்களே. கல்லாட்டம் நிக்கும், எடுத்துட்டுப் போங்க."

அந்த இரண்டும் ஒன்றல்ல. ஹெல்பரின் நுனி, வண்டி காலியாக இருக்கும்போது சேசிஸில் இருக்கும் பிராக்கெட்டைத் தொடவே தொடாது. லோடு ஏறி பாடி இறங்கினால்தான் வேலைக்கு வரும். முழு பிளேட் எப்போதும் விறைத்துக்கொண்டு நிற்கும். கனத்தையும் பார்க்க வேண்டும்: அதே நீள அகலத்தில் 8 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 10 மி.மீ. போட்டால், அந்தப் பிளேட்டின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். தினமும் லோடு அடிக்கிற வண்டிக்கு அது சரி. என்னுடையது அப்படி ஓடுவதில்லை.

ஒரு வேலையாக வால்பாறைக்குக் காலியாகப் போனபோது தெரிந்தது லட்சணம். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஈரமாக இருந்த வளைவில் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளிப் பக்கவாட்டில் நழுவியது. ஏறி முடித்ததும் கீழே குனிந்து பார்த்தால் அடுத்த கூத்து. ஆக்சிலிலிருந்து சேசிஸில் இருக்கும் பிரேக் வால்வுக்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றி, கட்டுக்கம்பியால் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள்!

பாடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கம்பிதான் வால்வுக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்பது முடிவாகும். கம்பியைக் கழற்றாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஸ்பிரிங் விறைத்து பாடி இறங்காமல் நின்றால், லோடு இருந்தும் வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஸ்பிரிங்கில் கை வைக்கும் யாரிடமும் முதலில் இந்தக் கம்பியைப் பற்றிக் கேளுங்கள். முழித்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

வேறு பட்டறையில் எல்லாம் கழன்று, ஹெல்பர் ஏறியது. ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை, அந்த ஏர் பேக்கும் விசாரித்தேன். காற்றை ஏற்றி இறக்கலாம், யோசனை நல்லதுதான், ஆனால் தோப்பு வண்டிக்குக் கீழே கல்லும் முள்ளும் படும், வேண்டாம் என்றுவிட்டேன். பழைய பிளேட்டையே காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. சூடாக்கிக் குளிரவைத்து முறையாக டெம்பர் (பதம்) ஏற்றாவிட்டால் சீக்கிரமே பழையபடி தொங்கிவிடும். ஸ்பிரிங் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் மட்டும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி பிடிக்காது, கட்டின் உயரம் கூடினால் நீளமும் பத்தாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி முடுக்க வேண்டும். தளர்ந்த கட்டில், பிளேட்டுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சிலே இடம் மாறிவிடும்.

கம்பியை செட் செய்ய சர்வீஸ் சென்டருக்குப் போனால், "வெளியில ஸ்பிரிங் மாத்துன வண்டியத் தொட மாட்டோம் சார்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. நல்லவேளை, வேலைக்கு விடும் முன்பே, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வைத்திருந்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் கையிலேயே டேப்பைக் கொடுத்தேன். காலி வண்டியின் உயரம் பழைய அளவிலேயே நின்றது. அப்புறம் வாயே திறக்காமல் செட் செய்து கொடுத்தார். இரண்டு நிமிட போட்டோ, அவசியம் எடுத்து வையுங்கள்.

ஹெல்பர் போட்டாச்சே, இன்னும் அரை டன் ஏற்றலாமே என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்கிறார். ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றக் கூடாது. ஓவர்லோடு பிடித்தால் 20,000 ரூபாய், அதிகப்படி டன்னுக்கு 2,000 தனி. டயரும் பிரேக்கும் பழசுதான் என்பது வேறு.

சேர்த்த பிளேட்டுகளை முதல் பட்டறைக்கே எடுத்துப் போய்க் காசைத் திருப்பிக் கேட்டேன். பழைய இரும்பு விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை, மோட்டார் ரூமில் கிடக்கிறது. யாருக்காவது தினமும் லோடு ஓடுகிற வண்டி இருந்தால் வந்து அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.