கண் சிமிட்டும் பெயின்டிங்

அமெரிக்க ஓவியர் அலெக்ஸா மீட் வரைந்ததை போனில் பார்த்தால் பாதிப்பேர் நிற்காமல் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். யாரோ ஒருவரின் உருவப்படம், தடித்தடியான தூரிகைத் தடங்கள், கொஞ்சம் பழைய பாணி, அவ்வளவுதானே என்று தோன்றும். 2009-ல் வாஷிங்டன் மெட்ரோ ரயிலில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நிஜப் பயணிகளுக்கு நடுவே ஒரு ஓவியம் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. ஃபோட்டோஷாப் இல்லை. அது உயிருள்ள ஆள்தான், அந்த ஆளின் முகம், முடி, சட்டை எல்லாவற்றின் மேலும் நேரடியாக பெயின்ட் அடித்திருக்கிறார்.

உடம்பில் வண்ணம் பூசுவது நமக்குப் புதிதில்லை. புலியாட்டக்காரருக்கு மஞ்சளும் கறுப்புமாக வரி போடுகிறோம், கூத்தில் அரிதாரம் பூசுகிறோம், ஆஸ்திரியாவில் 1998-லிருந்து உடல் ஓவியத்துக்கென்றே உலகத் திருவிழா நடக்கிறது. அங்கெல்லாம் மனிதனை வேறொன்றாக மாற்றுவதுதான் நோக்கம். மீட் செய்வது விசித்திரம்: மனிதன் மேல் அதே மனிதனை வரைகிறார். மூக்கின் மேல் மூக்கு, சட்டை மடிப்பின் மேல் சட்டை மடிப்பு.

ஓவியம் கற்கும் எல்லோரும் தட்டையான தாளில் ஒரு ஆரஞ்சை உருண்டையாகக் காட்டத்தான் படாதபாடு படுகிறார்கள், இவர் அதே ஒளி நிழல் வித்தையைத் திருப்பிப் போட்டு உருண்டையான தலையைத் தட்டையாக்கிவிடுகிறார். தோலில் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும் இல்லையா, அந்த நழுவலும் இயல்பான மினுமினுப்பும் பெயின்டுக்கு அடியில் போய்விடும். மேலே இருப்பது கரடுமுரடான பட்டைகள், எங்கே நிழல் எங்கே வெளிச்சம் என்று ஓவியர் முடிவு செய்து உறைய வைத்தது. பின்னால் இருக்கும் சுவர், நாற்காலி எல்லாவற்றையும் அதே மாதிரி தீட்டிவிட்டால் விளிம்பும் காணாமல் போகும். கேமராவுக்கு ஒற்றைக் கண் என்பதால் ஆழம் தெரியாது, அங்கேதான் ஏமாற்று முழுமையாகிறது. நேரில் பார்த்தால் நம் இரண்டு கண்ணும் சேர்ந்து கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

மறைக்க முடியாத ஒரே இடம் மாடலின் கண். அதில் பெயின்ட் பூச முடியாதே! ஈரமாக, உயிரோடு, அந்தக் கண் மட்டும் ஓவியத்துக்குள்ளிருந்து பார்க்கும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

மீட் படித்தது அரசியல் அறிவியல் என்பது கூடுதல் தகவல். 2008-ல் ஒபாமாவின் தேர்தல் பிரச்சாரத்தில் வேலை பார்த்தவர். நிழல் விழும் இடத்திலெல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்ற யோசனையில் ஆரம்பித்து, அரசியலை விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டு பேஸ்மென்ட்டில் பழத்துக்கும் காலை உணவுக்கும் பெயின்ட் அடித்துப் பழகியிருக்கிறார். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்தக் கலையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஓவியர் பெயர் எல்லோருக்கும் தெரியும், மணிக்கணக்கில் பெயின்ட் காயக் காய தோல் இழுக்க, மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல் நின்றவர் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கேன்வாஸுக்கு வலிக்காது, இவருக்கு வலிக்கும். சீனக் கலைஞர் லியு போலின் இதற்குத் தன் உடம்பையே கொடுத்துவிட்டார். 2005-ல் பெய்ஜிங்கில் அவருடைய ஸ்டூடியோ இருந்த கலைஞர் கிராமத்தை அரசாங்கம் இடித்தபோது, அந்த இடிபாடுகளின் முன்னால் நின்று, உதவியாளர்களை வைத்துத் தன் மேல் அதே செங்கல் குவியலை வரையச் செய்து மறைந்துபோனார். அங்கே நிற்கிற வேதனையே செய்தி.

அலெக்ஸா மீட்டும் ஒருமுறை இதைச் சரியாகச் செய்தார் என்று சொல்வேன். நடிகை ஷீலா வான்டுடன் சேர்ந்து செய்த புகைப்பட வரிசையில், உடல் முழுக்கத் தீட்டப்பட்ட வான்ட் பால் நிரம்பிய தொட்டியில் இறங்குகிறார், பெயின்ட் கரைந்து பாலில் பரவுகிறது, ஓவியம் ஒரு பக்கம் மனுஷி ஒரு பக்கம் என்று பிரிந்துபோகிறது. அதில் வான்ட் மாடல் மட்டுமில்லை, கூட்டாளி, பெயரும் சேர்ந்தே வருகிறது.

ஆர்வமிருந்தால் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு ஆரஞ்சை டேபிள் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் படும் இடம், நிழல், மேஜையில் விழும் நிழல் எல்லாவற்றையும் போஸ்டர் கலரில் பழத்தின் மேலும் மேஜைத்தாளின் மேலும் தீட்டுங்கள், தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி. வழவழப்பாக்கிவிட்டால் போச்சு. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், இல்லையென்றால் போனில் ஒரு படம் எடுங்கள். பழத்தைச் சாப்பிட மட்டும் வேண்டாம்.