ஜீப்பு வைத்த புள்ளி

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசல் சிமென்ட் தரை. சாணி தெளிக்க வழியில்லாவிட்டாலும் என் மனைவி கோலத்தை ஒருநாளும் விட்டதில்லை. போன மாசி மாதத்தில் ஒருநாள் விடியக்காலையில் வாளியும் கையுமாக நின்றபடி கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க. உங்க ஜீப்பு இன்னைக்கும் புள்ளி வச்சிருக்கு. கோலத்தையும் நீங்களே இழுத்துருங்க."

குனிந்து பார்த்தேன். ஏழு சொட்டு. நேர்ப்புள்ளிகூட இல்லை, இடுக்குப்புள்ளி. தொட்டு முகர்ந்தேன். கருகிய பூண்டும் கந்தகமும் கலந்த ஒரு நாற்றம். எஞ்சின் ஆயில் இப்படி நாறாது. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான். சொட்டு விழுந்த இடமும் வண்டிக்கு நட்டநடு. ஆக, ட்ரான்ஸ்ஃபர் கேஸ்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோர்வீல் ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு பெட்டி இருக்கும். எஞ்சின் கொடுக்கிற சக்தியைப் பின் சக்கரத்துக்கு மட்டும் அனுப்புவதா, முன் சக்கரத்துக்கும் பங்கு வைப்பதா என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்குத்தான் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கம்பி. ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்கும். மற்றது லோ கியர். அதைப் போட்டால் வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். உசிலம்பட்டி தாண்டி எழுமலைப் பக்கம் எங்கள் தோப்புக்குப் போகிற வழியில் ஒரு ஓடை மணல் இருக்கிறது. அதில் இறங்கி ஏற இந்த இரண்டு கம்பியும் வேண்டும். 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஜீப்பில் வந்த ஏற்பாடு, பெரிய மாற்றமில்லாமல் அப்பா வாங்கிய ஜீப் வரை வந்துவிட்டது.

ஆயில் சொட்டுவதை நான் பெரிதாக நினைத்ததில்லை. பழைய ஜீப் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்பார் அப்பா. ஆனால் இந்தமுறை ஒரு கெடு இருந்தது. சொந்த வண்டிக்கு முதல் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டால், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு என் முறை. பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கைவைப்பது ஹேண்ட்பிரேக்கில். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் கிடையாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கசிகிற ஆயில் நேராக பிரேக் ஷூவில்தான் இறங்கும். தோப்பு மேட்டில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வழக்கம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கல்லோடு ஓட முடியாது.

தெற்குவாசல் பக்கம் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். போன் போட்டேன். "பெட்டிய இறக்கி, பிரிச்சு, பேரிங், சீல் எல்லாம் மாத்தணும்னா சாமான் தனி, கூலி ஒம்பதாயிரம் ஆகும் சார்" என்றார். போனை வைத்த நொடியில் எனக்குள் ஒரு மெக்கானிக் பிறந்தான்.

அவனை வளர்த்துவிட்டது என் சகலை.

"எதுக்கு சகலை ஒம்பதாயிரம்? ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. நானும் வர்றேன்."

சகலை ஒருமுறை எங்கள் வீட்டு மிக்சியைப் பிரித்து மாட்டியவர். அதில் மிச்சம் வந்த மூன்று திருகாணிகள் இன்னும் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றன. மிக்சி ஓடுகிறது, அதுதான் எனக்குப் பயமே. அன்றிரவு இருவரும் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இதே பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்தோம். அவருடைய ஷெட்டின் தரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம். சுவரில் ஸ்பேனர்கள் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி உயர வாரியாக நிற்கின்றன. நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டார். "நமக்கு ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்க" என்றார் சகலை.

மறுநாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இந்தப் பக்கம் நாமே செய்தால், அந்தப் பக்கம் பட்டறையில் விட்டால். நாமே செய்தால் கூலி மிச்சம். பேரிங்கை இழுத்துக் கழற்றுகிற புல்லர் இல்லை, வாங்க வேண்டும். பேரிங் அடிக்க பிரஸ் இல்லை. ஜாக்கி ஒன்றுதான். பெட்டி வார்ப்பிரும்பு, ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனம். அதை மல்லாக்கப் படுத்தபடி நெஞ்சுக்கு மேல் இறக்க வேண்டும். தாளைத் திருப்பினேன். என் ராசிக்கு அன்றைய பலன்: செலவு. எந்தப் பக்கத்துக்கு என்று போடவில்லை.

இங்கே ஒரு பழைய கதையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் இதே பெட்டியின் பின்பக்க ஆயில் சீலை, அதாவது ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை, நானே மாற்றினேன். பின் சக்கரத்துக்குப் போகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, டிரம்மைக் கழற்றி, அந்த ஷாஃப்டைப் பெட்டியோடு இணைக்கிற யோக்கை இழுத்து, புது சீல் அடித்து, பெருமையாக மீசையைத் தடவினேன். மீசையில் கிரீஸ். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் கசிவு. சீல் மோசம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் பாவம். பல வருஷமாக சீலின் உதடு உரசி உரசி, யோக்கின் கழுத்தில் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். தட்டினால் புது சீல் போட்டும் புண்ணியமில்லை, யோக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மேலே ஸ்லீவ் என்கிற மெல்லிய உறையை ஏற்ற வேண்டும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் சொல்லியிருப்பார், எனக்குத்தான் அவர் இங்கிலீஷ் புரிந்திருக்காது.

ஆகவே இந்தமுறை முதலில் எங்கே கசிகிறது என்று பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அடிப்பாகம் முழுக்க டீசல் போட்டுக் கழுவித் துடைத்தேன். காய்ந்த பிறகு அதன்மேல் மாவு தூவினால், கசிகிற இடத்தில் ஈரம் ஊறிக் காட்டிக்கொடுக்கும். மாவுக்கு எங்கே போவது? கோலமாவு டப்பா வாசல் திண்ணையிலேயே இருந்தது.

தூவினேன். கப்பலூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். வாசலில் மனைவி காலி டப்பாவோடு நின்றாள்.

"மாவு எங்கங்க?"

"ஜீப்புக்கு அடியில."

ஐந்து நொடி பேசவில்லை. "புள்ளிதான் அது வைக்குதுன்னா, கோலமும் அதுக்கே போட்டு விட்டீங்களா?"

கீழே படுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் ஈரம். பின்பக்க யோக் ஒன்று. நடுவில் போகிற கட்டை ஷாஃப்டின் முனை ஒன்று. அடித்தட்டின் பேக்கிங் ஒன்று. சரி, ஆயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். வழக்கமாக அந்த மூடியின் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும். பெட்டிக்கே ஒன்றரை லிட்டர்தான் கொள்ளும். இத்தனை நாள் சொட்டியதற்குக் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். மூடி கழன்றதும் குற்றால அருவி. பனியன், காது, கழுத்து எல்லாம் ஆயில். அரை லிட்டருக்கு மேல் வெளியே வந்தது. தினமும் சொட்டுகிற பெட்டியில் ஆயில் கூடியிருக்கிறது! சகலை இதை அற்புதம் என்றார். கோயில் கட்டலாம் என்கிற மாதிரி அவர் முகம்.

பட்டறைக்காரருக்கு மறுபடி போன். "கியர்பாக்ஸ் மூடியத் தொறந்து விரல விட்டுப் பாருங்க சார்" என்றார். விட்டேன். விரல் முழுக்கப் போயும் ஈரமில்லை.

"அதான் சார். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஷாஃப்ட்ல ஒரு சீல் இருக்கு, அது செத்துப்போச்சு. மேல்வீட்டுத் தண்ணி உங்க வீட்டுல எறங்கி, உங்க வாசல்ல வடியுது. நீங்க வாசல அடைச்சா நிக்குமா? கியர்பாக்ஸ் காய்ஞ்சு போய் ஓடிக்கிட்டு இருக்கு. எங்குட்டும் எடுக்காதீங்க. அப்புறம், செங்கல முட்டுக் கொடுத்துக் கீழ படுத்துராதீங்க, சூதானம்."

நான் அப்போது செங்கல் முட்டுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். பைய வெளியே வந்தேன்.

அந்த நடு சீலைத் தொட வேண்டுமென்றால் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் பிரித்தே ஆக வேண்டும் என்று ஆசை வரும், எனக்கு என்னைத் தெரியும். "ஒம்பதாயிரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்கண்ணே" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பையன் ஊர்ல பொங்கல்னு போயிட்டான் சார். கைக்கு ஆள் இல்ல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாங்களேன், நீங்களும் பாத்த மாதிரி இருக்கும்."

கியர்பாக்ஸுக்கு ஆயிலை ஊற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் தெற்குவாசல் போய்ச் சேர்ந்தேன். பட்டறையில் என் பதவி: விளக்குப் பிடிப்பது, பதினாறாம் நம்பர் கேட்டால் பதினேழைக் கொடுத்துத் திட்டு வாங்குவது, டீ வாங்கிவருவது. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் பாடம் கேட்டதில்லை. நடு கியருக்குள் தீக்குச்சி மாதிரி எஃகு ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. நீடில் ரோலர் என்றார். கிரீஸைப் பூசி ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் வாஷரை அதன் காது பள்ளத்தில் உட்காரும்படி பிடித்து, ஷாஃப்டைத் தள்ள வேண்டும். பாதியில் ஒன்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவருக்கே இரண்டுதரம் விழுந்தது. யூடியூபில் இந்த இடத்தை வெட்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். பின் ஷாஃப்டின் ஆட்டத்தை ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டுச் சரிசெய்தார். இன்ச்சில் ஆயிரத்தில் நாலு பங்கிலிருந்து எட்டுக்குள் இருக்க வேண்டுமாம், அதாவது ஒரு நோட்டுத் தாள் தடிமன், போனால் இரண்டு. சகலையின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

யோக்குக்கு ஸ்லீவ், புது பிரேக் ஷூ, எல்லா சீலும், இரண்டு பெட்டிக்கும் ஆயில். பில் எழுதினார். கடைசி வரியில் "ஹெல்பர் கூலி கழிவு 1,000" என்று இருந்தது. வேண்டாமென்றேன், கேட்கவில்லை. வீட்டில் வந்து காட்டினேன். மனைவி இரண்டுமுறை படித்தாள்.

"இத்தனை வருஷத்துல இந்த ஜீப்பால வந்த மொத வருமானம்" என்று அதை சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

அன்றிரவு பத்தரை மணிக்கு துவைக்கப் போட எடுத்த என் சட்டையோடு அவள் வந்தாள். உள்ளங்கையில் தீக்குச்சி நீளத்துக்கு ஓர் எஃகு ஊசி.

"பையில கிடந்துச்சு. இது எதுக்குங்க?"

எனக்கு வயிற்றில் ஏதோ கழன்றது. மிக்சியின் மூன்று திருகாணி கண்முன் வந்து நின்றது. நடுங்கிக்கொண்டே போன் போட்டேன். பட்டறைக்காரர் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். சொன்னேன். மறுமுனையில் நீண்ட அமைதி.

"சார். அதுமேல நகத்த வச்சு இழுங்க. தட்டுதா?"

இழுத்தேன். தட்டியது. அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடியாகப் பள்ளம்.

"அது பழசு சார். புதுசு எல்லாத்தயும் எண்ணித்தான் போட்டேன். படுங்க."

ஊசியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கடுகு டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவில், அந்த மூன்று திருகாணிகளோடு போட்டு மூடினேன்.